யாரும் பார்க்கச் சொல்லாத மூன்றாவது டெர்மினல்

"14.7.1994, வியாழன், காலை 10.20. டெர்மினல் 9ஐயும் கண்காணிப்பில் சேர்த்தேன். காரணம்:"

என் கணினி அறைக் குறிப்பேட்டில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது. 'காரணம்' என்பதற்குப் பிறகு எதுவும் எழுதப்படவில்லை. வேலையில் இருந்த காலம் முழுவதற்கும் நான் குறிப்பேடு வைத்திருந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டங்கள்: தேதி, செய்த வேலை, காரணம். பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றினால்கூட 'எழுத்து மங்கல்' என்று காரணம் எழுதுகிறவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தேன். காரணம் காலியாக இருப்பது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

அலுவலக நெட்வொர்க்குகளை இன்று பார்த்துக்கொள்ளும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் கையில் இருக்கும் கருவிகள் எனக்குப் புரியாது. ஆனால் மற்றவர்கள் அடிப்பதை அவர்களுக்குத் தெரியாமல் படிக்க முடிகிற நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நாற்காலி மாறியிருக்காது என்று நினைக்கிறேன்.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருந்தது எங்கள் கம்பெனி. தொழிற்சாலைகளுக்கு வால்வு செய்து கொடுப்போம். கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறையில் ஒரே ஒரு யூனிக்ஸ் இயந்திரம், அதிலிருந்து கம்பி இழுத்துப் பல பிரிவுகளிலும் பதினான்கு டெர்மினல்கள். அப்போதைய நெட்வொர்க் அவ்வளவுதான். பதினான்கு டெர்மினல் இருந்தாலும் ஒரே சமயத்தில் எட்டுப் பேர்தான் உள்ளே நுழைய முடியும். நாங்கள் வாங்கிய உரிமம் அப்படி. ஒன்பதாவது ஆள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவர்கள் என் கண்ணாடிக் கதவைத் தட்டி, "சார், யாரையாவது வெளியில தள்ளுங்க சார்" என்று கெஞ்சுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைத்தால் மற்ற எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

1984இல் அந்த அறையைத் திறந்ததே நான். சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு எல்லாவற்றுக்கும் நிரல் எழுதியதும் நான்தான். ஒன்பது வருடங்கள் வேறு ஆள் கிடையாது. 1993 ஆகஸ்டில் எஸ்தரை வேலைக்கு எடுத்தார்கள்.

எஸ்தருக்கு இருபத்து நான்கு வயது. கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருவார். கணினிப் படிப்பு முடித்தவர், டைப்ரைட்டிங் படிக்காதவர். நாலே விரல்களால் மழை கொட்டுவது மாதிரி அடிப்பார். "நாலு விரல் நாட்டியம்" என்று நான் பலர் முன்னால் கேலி செய்தேன். அவரும் கூடச் சிரித்தார். ஜனவரியில் என் சரக்குக் கணக்கு நிரலைப் பிரித்து மாற்றி எழுதினார். நான் எழுதியது மதியம் முழுக்க ஓடும். அவருடையது டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த வாரக் குறிப்பேட்டில் "சரக்கு நிரல் சிறு திருத்தம்" என்று எழுதியிருக்கிறேன்.

அதன் பிறகு என் கதவைத் தட்டுகிறவர்கள் குறைந்தார்கள். ஸ்டோர்ஸில் டில்லி என்று ஒருவர் இருந்தார். மனதில் பட்டதை அப்படியே பேசுகிறவர். ஒருநாள் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"இன்னா சார், எஸ்தர் மேடம் இல்லியா?"

"சீட்டுல இல்லையா? என்ன வேணும், சொல்லு டில்லி."

"ஸ்டாக் இன்னாமோ தப்பாக் காட்டினுகீது."

"நான் பாக்கறேன், வா."

அவர் யோசித்தார். "பர்வால்ல சார். நீ எதுக்குப் பேஜாராவுற. மேடம் வந்துரும்."

அவர் போன பிறகு கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம், எஸ்தர் சீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தேன். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் புள்ளி வைத்து எண்ணினேன். எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்று.

ஜூலை 11ஆம் தேதி, திங்கட்கிழமை, ஜி.எம். என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நாங்கள் கொடுக்கும் கொட்டேஷன் விலை போட்டிக் கம்பெனிக்குத் தெரிந்துபோகிறது, அடுத்தடுத்து இரண்டு ஆர்டர் கைநழுவிவிட்டது என்றார்.

"சேல்ஸ்ல ரெண்டு டெர்மினல். யார் எதைத் திறக்கறா, எப்போ திறக்கறான்னு எனக்குத் தெரியணும். முடியுமா?"

"முடியும் சார்."

"யாருக்கும் சொல்லாதீங்க. எஸ்தருக்கும் சொல்ல வேண்டாம்."

கடைசி வார்த்தை என் காதில் இனித்தது. எழுத்தில் ஆணை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாளில் ஒரு நிரல் எழுதினேன். டெர்மினலில் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் நேரத்தோடு ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே போகும். அடித்தவருக்கு எதுவும் தெரியாது. புதன்கிழமை சேல்ஸ் டெர்மினல்கள் இரண்டிலும் போட்டேன். வியாழக்கிழமை காலை எஸ்தரின் ஒன்பதாம் எண் டெர்மினலிலும் போட்டேன். யாரும் சொல்லவில்லை. காரணம் எழுதப் பேனாவை எடுத்தேன், எதுவும் வரவில்லை, மூடி வைத்தேன்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் மூன்று டெர்மினல்களின் பதிவுகளையும் படித்தேன். சேல்ஸ் பதிவுகளை மேலோட்டமாகப் பார்த்தேன். எஸ்தருடையதை வரிவரியாகப் படித்தேன். எங்காவது தப்புச் செய்கிறாரா, எதையாவது பார்த்துக் காப்பி அடிக்கிறாரா, என்னைப் பற்றி யாருக்காவது எழுதுகிறாரா. அப்படி ஒன்றும் இல்லை. என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

இருபதாம் தேதி மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு கடிதம் அடித்திருந்தார். அக்காவுக்கு, தமிழை ஆங்கில எழுத்தில். அம்மா ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார், ஆகஸ்டில் வேலை நிரந்தரமாகி உத்தரவு கையில் வரும்வரை பேச்சைத் தள்ளிப்போடச் சொல், வேலை நிலைத்தால்தான் என்னால் எதையும் சொல்ல முடியும் என்பது கடிதத்தின் சாரம். பிரிண்ட் எடுத்துக்கொண்டு கோப்பை அழித்துவிட்டார். இயந்திரத்தில் அந்தக் கடிதம் இல்லை. என்னிடம் இருந்தது.

என் நிரல் அழிப்பதையும் சேர்த்துப் பதிந்தது. "எனக்குப் பயமா இருக்கு அக்கா" என்று அடித்து, எழுத்து எழுத்தாக அழித்து, அந்த இடத்தில் "இங்க எல்லாம் நல்லாப் போகுது" என்று மாற்றியிருந்தார். அக்காவுக்கே போகாத வரியை நான் படித்தேன். படித்ததும் வெட்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம். இவருக்கும் பயம் உண்டு என்ற சந்தோஷம். அன்று இரும்புலியூரில் என் வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது விசிலடித்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

அந்த இரண்டு வாரத்தில் நான்கு மாலைகள், ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் நடுவே, ஒன்பதாம் டெர்மினலில் எஸ்தர் பெயரில் கொட்டேஷன் கோப்புகள் திறக்கப்பட்டிருந்தன. எஸ்தருக்கும் கொட்டேஷனுக்கும் வேலை சம்பந்தம் கிடையாது. நான் தேடியது கிடைத்துவிட்டது.

இப்போது இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டும் எனக்கு அன்றே தெரியும்.

முதலாவது. எட்டுப் பேர்தான் நுழையலாம் என்றேன் அல்லவா? ஒருவர் வெளியே வந்தால் அந்த இடத்தை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள். ஆகவே கிளம்புகிறவர் வெளியேறாமல், அப்படியே தன் சிநேகிதருக்குச் சீட்டை விட்டுவிட்டுப் போவார். பஸ்ஸில் ஜன்னல் வழியாக இடம் பிடிப்பது மாதிரி. அலுவலகத்தில் அதற்குப் பெயரே "கர்சீப் போடறது". "நான் கெளம்பறேன், உனக்குக் கர்சீப் போட்டிருக்கேன்" என்பார்கள். இதைத் தடை செய்து நான் மூன்று முறை சுற்றறிக்கை விட்டிருந்தேன். மூன்றிலும் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அதனால் அந்தப் பழக்கம் ஒழிந்துவிட்டது என்பது என் கணக்கு. எஸ்தரோ ஐந்தேகாலுக்கே ஓடுகிறவர். செங்கல்பட்டு வண்டியை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் ஸ்டேஷனில் நிற்க வேண்டும். அவர் ஓடுவதை என் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து தினமும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது. அந்தக் காலத்து டைப்ரைட்டர்கள் பலவற்றில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிப் பொத்தான் கிடையாது. ஆங்கிலச் சின்ன 'எல்' எழுத்தைத்தான் அதற்குப் பதிலாக அடிப்போம். டைப்ரைட்டிங் படித்துவிட்டுக் கணினிக்கு வந்தவர்களின் விரல் தானாகவே அங்கே போகும். கணினி ஏற்காது. அழித்துவிட்டு மறுபடி எண்ணை அடிக்க வேண்டும். நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவன். அந்தப் பழக்கம் போக எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அந்த நான்கு மாலைப் பதிவுகளிலும் ஒன்று வரவேண்டிய இடமெல்லாம் முதலில் எல், பிறகு அழிப்பு, பிறகு ஒன்று. நாலு விரலால் அடிக்கிற எஸ்தரிடம் அந்தத் தப்பு வர வழியே இல்லை. என்னைவிட நன்றாக அதை அறிந்தவர் யாரும் அந்தக் கட்டடத்தில் இல்லை.

பிரிண்டில் கோப்புகளின் பெயர்களைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். எல் எழுத்துகளின் மேல் என் பேனா நிற்காமல் போயிற்று. 'அவசரத்தில் அடித்திருப்பார்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது. வியாழக்கிழமை, 28ஆம் தேதி, ஜி.எம். மேஜையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எஸ்தரைக் கூப்பிட்டார். என்னையும் இருக்கச் சொன்னார்.

"எஸ்தர், சாயங்காலத்துல கொட்டேஷன் ஃபைல்ல உங்களுக்கு என்ன வேலை?"

"எனக்கு ஒண்ணும் வேலை இல்ல சார்."

ஜி.எம். தாளைத் திருப்பிக் காட்டினார். எஸ்தர் தேதிகளையும் நேரங்களையும் பார்த்தார்.

"இந்த நேரத்துக்கு நான் ரயில்ல இருப்பேன் சார். வண்டலூர் தாண்டியிருக்கும்."

"அப்போ உங்க பேர்ல யாரு?"

எஸ்தர் தேதிகளின் மேல் விரலை ஓட்டினார்.

"தெரியாதா, சொல்ல மாட்டீங்களா?"

"சொல்ல முடியாது சார்."

"உங்க கன்ஃபர்மேஷன் பேப்பர் என் டிராயர்லதான் இருக்கு. திங்கட்கிழமை பத்து மணிக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற ஒரு லெட்டர்ல போடுவேன்."

எஸ்தர் எழுந்தார். கதவருகே நின்று தாளை மறுபடியும் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். அப்படித்தான் உணர்ந்தேன். ஆனால் மதியம் பதிவுகளை மறுபடியும் திறந்து எல் எழுத்துகளை எண்ணினேன். மூன்று மணிக்கு எழுந்து டைப்பிஸ்ட் அறைக்குப் போனேன். அங்கே மிச்சம் இருந்தவர் ராஜாமணி மேடம் ஒருவர்தான். ஐம்பது வயது. கணவர் இல்லை, மகன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். டைப்பிஸ்ட் வேலைகளை அந்த வருடக் கடைசியோடு எடுத்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது.

நான் உள்ளே போனதும் அவர் கை மெஷின் மேலேயே நின்றுவிட்டது.

"நீங்கதானே மேடம்?"

மெஷினில் இருந்த தாளை உருவி எடுத்தார். பிறகு, "விலையெல்லாம் நான் பாக்கல சார். அதெல்லாம் நானே டைப் அடிச்ச லெட்டருங்க. தெரிஞ்ச லெட்டரைப் பாத்துப் பாத்து அடிச்சா கை பழகும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"முதல்ல உங்ககிட்டதான் வந்தேன் சார். பொங்கலுக்கு முன்னாடி. 'இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு மேடம் கம்ப்யூட்டர், நிம்மதியா இருங்க'ன்னீங்க. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எஸ்தரிடம் போனது எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் வைத்த புள்ளிகளில் அவர் இல்லை. நான் வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் அவர் வந்திருக்கிறார். அந்த நிமிடத்திலும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். இவரும்கூட அவளிடம்தானா என்று. இரக்கம் அதற்கப்புறம்தான் வந்தது. வரிசையை மாற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

"நானே போய்ச் சொல்லிடறேன் சார். அந்தப் பொண்ணுக்கு என்னால ஆகக் கூடாது," என்றார்.

"திங்கட்கிழமை வரைக்கும் இருங்க மேடம்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். எஸ்தரைக் காப்பாற்ற ராஜாமணி மேடத்தின் பெயரைச் சொன்னால் போதும். ஜி.எம். அவரை அன்றே அனுப்பிவிடுவார். வருடக் கடைசியில் டைப்பிஸ்ட் வேலையை எடுக்கிற சிரமம்கூட மிச்சம். யாரையும் சொல்லாமல் இருந்தால் எஸ்தர் போவார், என் கதவை மறுபடியும் தட்டுவார்கள். இந்த இரண்டாவது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதுதான் என்னை உலுக்கியது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே ஜி.எம். அறைக்குப் போனேன்.

"சார், நான் கொடுத்த ரிப்போர்ட் தப்பு."

"எப்படி?"

எல் எழுத்தைக் காட்டினேன். விவரம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இப்படி அடிக்கறது யாரு?"

"டைப்ரைட்டிங் படிச்ச யார் வேணாலும் சார். நான்கூட அப்படித்தான் அடிச்சுக்கிட்டிருந்தேன்."

"உங்களுக்கு ஆள் தெரியும்."

"எந்த ஆளையும் சொல்ற அளவுக்கு இந்தப் பேப்பர்ல ஒண்ணும் இல்ல சார். டெர்மினல் தெரியும், நேரம் தெரியும். நாற்காலியில யாருன்னு தெரியாது. அதைத் தெரிஞ்ச மாதிரி எழுதினது நான்."

அவர் தாளைக் கீழே வைத்தார். "நான் சொன்னது சேல்ஸ்ல ரெண்டு. இது ஒன்பதாம் நம்பர். யார் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

"ஏன் போட்டீங்க?"

நாலைந்து பொய்கள் தயாராக இருந்தன. ஒன்றும் வெளியே வரவில்லை.

"அப்போ என் டெர்மினலையும் போட்டிருப்பீங்க."

"இல்ல சார்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. இதை எழுதும்போது உங்களிடம் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: உங்களை ஒருவர் அப்படிக் கேட்டால், காட்டுவதற்கு ஒரு தாள் உங்களிடம் இருக்க வேண்டும். எந்த டெர்மினல், எத்தனை நாள், யார் சொன்னது, யார் படிக்கலாம், எப்போது அழிக்க வேண்டும். வாய்ச்சொல்லில் வேலை செய்தவனுக்குக் காட்ட எதுவும் இருக்காது. அந்தத் தாள் ஜி.எம்.முக்காக மட்டும் அல்ல. மூன்றாவது டெர்மினலின் பக்கம் உங்கள் கை போகும்போது அது உங்களையும் தடுக்கும்.

அன்று மதியமே நிரலை எடுக்கச் சொன்னார். பதிவுகளை அவர் முன்னால் அழித்தேன். இயந்திரத்தின் தலைமைக் கடவுச்சொல்லை இரண்டாகப் பிரித்து, பாதி எனக்கும் பாதி எஸ்தருக்கும் என்று உத்தரவு போட்டார். எஸ்தரின் வேலை நிரந்தரமாயிற்று. எஸ்தர் ஒரு பெயரும் சொல்லவில்லை, ஜி.எம்.மும் திரும்பக் கேட்கவில்லை. ராஜாமணி மேடம் டிசம்பரில் சேல்ஸிலேயே டேட்டா என்ட்ரிக்கு மாற்றப்பட்டார். கொட்டேஷன் எப்படி வெளியே போயிற்று என்பதை நாங்கள் கண்டுபிடிக்கவே இல்லை. ஒவ்வொரு முறை இயந்திரத்தைத் திறக்கும்போதும் எஸ்தர் வந்து தன் பாதியை அடிப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தப் பாதி என்னவாக இருக்கும் என்று யோசிக்காத நாள் அபூர்வம். பொறாமை அழிகிற கோப்பு இல்லை.

நான்தான் கண்காணித்தேன் என்பதை ஜி.எம். அவரிடம் சொல்லியிருந்தார். ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் எஸ்தர் என் அறைக்கு வந்து நின்றார். உட்காரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். அந்த நாலு சாயங்காலம் மட்டுமா? இல்ல, மத்த நேரமும் பாத்தீங்களா?"

"எதுக்கும்மா?"

"மத்தியானம் பாத்தீங்களா சார்?"

"இல்லம்மா," என்றேன். "சாயங்காலம் மட்டும்தான்."

அவர் மூச்சை விட்டார். "தேங்க்ஸ் சார்," என்றார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டு வேலை நாட்கள், பன்னிரண்டு மதியங்கள். அதுதான் சரியான எண்ணிக்கை. எஸ்தர் 1996இல் கிண்டிப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குப் போனார். 1998இல், அந்தப் பழைய இயந்திரத்தை அகற்றிய வாரம், அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மதியங்களையும் படித்தேன், அக்காவுக்கு எழுதியதைப் படித்தேன், அழித்த வரியையும் படித்தேன் என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் எழுத வேண்டியிருக்கும். கூடுவாஞ்சேரி விலாசத்துக்கு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டை ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. அதில் ஒரு கையெழுத்து இருக்கிறது. முத்திரை மை அதன் மேல் பரவியிருப்பதால் முதல் எழுத்து எஸ்தரின் 'எ'யா, அவர் அம்மாவின் பெயரில் வரும் 'ஏ'யா என்று சொல்ல முடியவில்லை. எஸ்தர் அதற்குள் கல்யாணமாகி வேறு ஊர் போயிருந்தார் என்று டில்லி சொன்னார். எந்த மாதம் போனார் என்று அவருக்கும் நிச்சயமில்லை. ஆகவே அந்தக் கடிதத்தை எஸ்தர் படித்தாரா, அல்லது மதியங்களை யாரும் பார்க்கவில்லை என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாரா என்பது சரிபார்க்கப்படவில்லை.